அடிக்குறிப்பு மேலே ஏறிய கதை

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் கட்டுரை திருத்த உட்காருவேன். சித்திரை மாதத்து ராஜபாளையத்தில் பட்டப்பகலில் மின்விசிறியை நிறுத்துகிறவளைப் பற்றி அக்கம்பக்கத்தில் என்ன நினைத்திருப்பார்கள் என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

காரணம் இருந்தது. கூடத்துத் தரை முழுக்கக் காகிதத் துண்டுகள். ஒவ்வொரு துண்டும் ஒரு பத்தி. சுவரோரம் முன்னுரை, நடுவில் கண்மாயும் மடையும், கதவருகே முடிவுரை. நான் நடுவில் சப்பணமிட்டு, கையில் கத்தரிக்கோலும் பக்கத்தில் பசைக் கிண்ணமுமாக உட்கார்ந்திருந்தேன். நெற்றி வியர்வை தாளில் சொட்டாமல் இருக்க ஒரு துண்டைத் தலையில் கட்டியிருந்தேன்.

நூற்பாலையில் காலை ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர், சட்டையைக் கழற்றிக்கொண்டே பழக்கத்தில் சுவிட்சைத் தட்டினார். என் பல மாத உழைப்பு எழுந்து பறந்தது. முடிவுரை சமையல்கட்டுக்கே போய்விட்டது.

“அணைங்க, அணைங்க.”

“எதுக்கு? வெயில்ல வெந்து போய் வாரேன்.”

“பத்தியெல்லாம் பறக்குது.”

அவர் விசிறியை அணைத்துவிட்டு, காலடியில் கிடந்த ஒரு துண்டை எடுத்துப் படித்தார். “இது எங்க கெடந்துச்சு?”

“தெரியல. அதான் பிரச்சினை.”

“எங்க போட்டாலும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்போல” என்று அதைத் தரையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

கத்தரிக்கோலும் மயில்துத்தமும்

முப்பது வயதுக்கு மேல், பள்ளிக்கூட வேலையையும் வீட்டையும் வைத்துக்கொண்டு எம்.ஃபில். சேர்ந்ததை இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஆய்வுக் கட்டுரையை எப்படித்தான் திருத்தினீர்கள் என்று கேட்டிருக்கிறார். கத்தரிக்கோலால் என்பதுதான் பதில்.

தாளின் ஒரு பக்கம் மட்டும்தான் எழுத வேண்டும். முதல் தடவை இரண்டு பக்கமும் எழுதிவிட்டேன். பிடிக்காத ஒரு பத்தியை வெட்டினால், அதன் முதுகில் இருந்த பிடித்த பத்தியும் சேர்ந்து போனது. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வெட்டிய துண்டுகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்து, சரி என்று தோன்றியதும் வெள்ளைத் தாளில் ஒட்டுவேன். பசைக்கு மைதாவைக் காய்ச்சிக்கொள்வேன்.

பூச்சி அண்டாமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட வேண்டும் என்று பைண்டிங் கடையில் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் மறந்துவிட்டேன். காலையில் பார்த்தால் முடிவுரையில் பாதியைக் கரப்பான் தின்றிருந்தது. வேறு எதையும் தொடவில்லை. முடிவுரையில்தான் ஒட்டுப்போட்ட இடங்கள் அதிகம், அதனால் பசையும் அதிகம்.

“அதுக்காவது அந்த முடிவுரை பிடிச்சிருந்துச்சே” என்றாள் கஸ்தூரி.

கஸ்தூரி என் ஆய்வு நெறியாளர். என்னைவிட ஆறேழு வயது சின்னவள். கல்லூரியில் நான் அவளை மேடம் என்பேன், அவள் வீட்டில் அவள் என்னை அக்கா என்பாள். இங்கே ‘அவள்’ என்றே எழுதுகிறேன். படித்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

நைல் நதியிலிருந்து

ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுரையைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறுவேன். கஸ்தூரியின் வீடு தேர் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. பின்பக்கம் பால்கோவா போடுகிற கொட்டகை. நாள் முழுக்கப் பால் சுண்டுகிற வாசனை. முதல் வாரம் நாக்கில் நீர் ஊறும். மூன்றாவது வாரத்தில் திகட்டிவிடும். இன்றைக்கும் பால்கோவா வாசனை வந்தால் எனக்குப் பென்சில்தான் ஞாபகம் வரும்.

அவள் பென்சிலில்தான் குறிப்பு எழுதுவாள். “ஒத்துக்கலைன்னா அழிச்சிருங்க” என்பாள். நான் அழித்ததே இல்லை.

கட்டுரையை அவள் படிக்க மாட்டாள். என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். எனக்கு எங்கே மூச்சு வாங்குகிறதோ, எங்கே குரல் இறங்குகிறதோ, அந்த இடத்தில் பக்கவாட்டில் ஒரு கோடு. பொய்யாக எழுதிய வாக்கியத்தை வாய்விட்டு வாசிப்பது கஷ்டம். கண் தாண்டிப் போய்விடும், வாய் மாட்டிக்கொள்ளும்.

உலக நாகரிகங்கள் ஆற்றங்கரைகளில் தோன்றின என்று தொடங்கி, எங்கள் ஊர்க் கண்மாய்க்கு வந்து சேர இரண்டு பக்கம் எடுத்துக்கொண்டிருந்தேன். அதை எழுத ஒரு மாத லீவு நாட்களைச் செலவழித்திருந்தேன்.

“அக்கா, நைல் நதியில ஆரம்பிச்சு தேவதானம் வாரதுக்குள்ள எனக்குத் தாகம் எடுத்துட்டு.”

“நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா எதுக்கு இருக்கு?”

அந்த இரண்டு பக்கத்தையும் வெட்டி எடுத்தேன். குப்பையில் போட மனம் வராமல் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். அந்த டப்பாவுக்குள் பிறகு நிறைய பத்திகள் போய்ச் சேர்ந்தன. எதையும் நான் வெளியே எடுத்துப் பார்த்ததில்லை.

கடைமடைக்கு முதல் தண்ணீர்

கட்டுரை எதைப் பற்றி என்று சொல்லாமல் போய்க்கொண்டிருக்கிறேன். இந்தப் பழக்கத்தையும் கஸ்தூரி கோடு போட்டுக் காட்டியிருக்கிறாள்.

எங்கள் ஊர், தேவதானத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. ஊருக்கு ஒரு கண்மாய். அதன் மடையைத் திறந்தால் தண்ணீர் முதலில் தொடுவது எங்கள் வயலை. வாய்க்கால் போய் முடிகிற கடைசி வயல் மாடசாமி சித்தப்பாவுடையது. சொந்தச் சித்தப்பா இல்லை, ஊர் முறையில் சித்தப்பா.

கண்மாய் நிறைந்த வருஷத்தில் மடையிலிருந்து வரிசையாகப் பாயும். மழை பொய்த்த வருஷத்தில் எங்கள் ஊரில் வரிசையைத் திருப்பிப் போடுவார்கள். கடைசி வயலுக்கு முதல் தண்ணீர், மடைவாய் வயலுக்குக் கடைசித் தண்ணீர். மடையை ஒட்டிய வயலுக்கு எப்படியும் கசிவு ஈரம் இருக்கும், கடைமடைக்கு அதுவும் கிடையாது என்பது நியாயம். தன் முறை சீக்கிரம் வர வேண்டும் என்று நடுவில் இருக்கிற எல்லோரும் வாய்க்காலைக் காவல் காப்பார்கள் என்பது சாமர்த்தியம். யார் போட்ட ஏற்பாடோ, எனக்குச் சின்ன வயதிலிருந்தே அதில் பெருமை உண்டு.

அந்தப் பெருமைதான் என் கட்டுரை. இந்த முறை எந்தக் காலத்திலும் மீறப்படவில்லை என்று முடிவுரையில் எழுதியிருந்தேன்.

மூன்றாவது கார்பன்

முதல் வடிவத்தை ராஜபாளையத்தில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் அடிக்கக் கொடுத்தேன். மாஸ்டர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தமிழ் மெஷினில் அவரைப் போல வேகமாக அடித்தவரை நான் பார்த்ததில்லை. அவருக்கு உலகத்தில் ஒரே எதிரி அடிக்குறிப்பு. பக்கத்தின் அடியில் எத்தனை வரி விட வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பென்சிலில் கோடு கிழித்துக்கொண்டு அடிக்க வேண்டும். கணக்குத் தப்பினால் முழுப் பக்கமும் மறுபடி.

“ஏம்மா, சொல்ல வேண்டியதுன்னா மேலயே சொல்லு. வேண்டாததுன்னா விட்ரு. ரெண்டுங்கெட்டானா கீழ வச்சி என்னைய ஏன்மா கொல்லுத?” என்பார்.

மூன்று தாளுக்கு நடுவே கார்பன் வைத்து அடிப்பார். முதல் பிரதி கஸ்தூரிக்கு, இரண்டாவது எனக்கு. கடைசியில் மங்கலாக விழுந்ததை அப்பா வாங்கிக்கொண்டு போனார்.

அதை வாசிக்கிற அளவுக்கு அப்பாவுக்குப் படிப்பு இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊர் டீக்கடையில் உட்கார்ந்து, ஒரு வாரம் போல தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தமாக வாசித்திருக்கிறார். அப்போது இன்னும் வெட்டப்படாமல் இருந்த நைல் நதியைக்கூட விடவில்லை.

“எல்லாரும் கேட்டாகட்டி. நம்ம கம்மாயப் பத்தி இம்புட்டு இருக்கான்னு கேக்காக. மாடசாமியும் வந்திருந்தான்.”

“அவுக என்ன சொன்னாக?”

“என்ன சொல்லுவான்? டீயக் குடிச்சிட்டுப் போயிட்டான்.” கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “அடுத்த தடவ தெளிவான காப்பியாக் குடு. இதுல பக்கத்துக்கு அடியில பொடிசா என்னமோ இருக்கு, ஒண்ணும் தெரியல” என்றார்.

தெரியாதது நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தின் அடியில்

அந்தப் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. ‘ஒரு வறட்சி ஆண்டில் இம்முறைக்கு மாறாக மடைவாயில் தண்ணீர் திறக்கப்பட்டதாகத் தெரிகிறது.’ அவ்வளவுதான். ஏன் அதை எழுதினேன் என்று எனக்கே தெரியாது. எழுதாமல் விட முடியவில்லை, மேலே எழுதவும் முடியவில்லை.

கஸ்தூரிக்கு நான் அடிக்குறிப்புகளை வாசித்துக்காட்டுவதில்லை. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு அவளே வாசிக்கச் சொன்னாள். அந்த வரியில் என் குரல் இறங்கியது. கோடு போட்டாள்.

“இது எப்படித் தெரிஞ்சது?”

“கேள்விப்பட்டது.”

“யார் சொன்னா?”

கொட்டகையில் யாரோ பாலைத் துடுப்பால் கிளறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“யாரும் சொல்லல. நான் பாத்தேன்.”

பென்சிலைக் கீழே வைத்தாள். “யாரு தொறந்தது?”

“எங்க அப்பா.”

நடந்தது இதுதான். நான் கல்லூரி முடித்து வீட்டில் இருந்த ஒரு கோடை. கண்மாயில் தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை. மாடசாமி சித்தப்பாவின் முறை. மதியம் நான் அப்பாவுக்குச் சோறு கொண்டு போனேன். ஊருக்காகத் தண்ணீரை முறைப்படி திருப்பிவிடுகிற ஆளான நீர்பாய்ச்சி சாப்பிடப் போயிருந்தார். அப்பா மண்வெட்டியால் எங்கள் வயலின் வாய்மடையை வெட்டித் திறந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிரவில்லை. “சோத்த வச்சிட்டுப் போ” என்றார். எங்கள் பயிர் பிழைத்தது. கடைமடைப் பயிர் காய்ந்தது.

ஊருக்குத் தெரியும். முறை மீறியவரை ஊர் கூட்டி அபராதம் போடுவதுதான் வழக்கம். அப்பா பெரிய மனிதர், நாலு பேருக்கு நியாயம் சொல்லுகிறவர். யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்து மழை பொய்த்த வருஷம், எங்களுக்கு அடுத்தடுத்த வயல்காரர்களும் வெட்டிக்கொண்டார்கள். அவர்களையும் கேட்க முடியவில்லை. பிறகு வசதியுள்ளவர்கள் கிணறு தோண்டி மோட்டார் வைத்தார்கள். கடைமடைக்கு முதல் தண்ணீர் என்பதே பேச்சில் மட்டும் நின்றது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது கஸ்தூரியின் அம்மா கொண்டுவந்து வைத்த காபி ஆறியிருந்தது.

“அப்ப இது அடிக்குறிப்பு இல்லக்கா” என்றாள் கஸ்தூரி. “இதுதான் கட்டுரை.”

“எடுத்துட்டா?”

“எடுத்திருங்க, நான் கேக்க மாட்டேன். ஆனா மீறப்படவே இல்லைங்கிற முடிவுரைய என்ன செய்வீங்க? தெரிஞ்சே பொய் எழுதுத மாதிரில்லா ஆகும்.”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். அப்பா அந்தக் கட்டுரையை எத்தனை ஆசையாகத் தூக்கிக்கொண்டு திரிந்தார் என்பதுதான் மனதில் ஓடியது. வாழ்க்கையில் என் படிப்பை அவர் ஊரறியக் கொண்டாடியது அந்த ஒரு தடவைதான். அதை நானே பிடுங்க வேண்டும் என்று நினைத்தபோது எனக்குப் பயமாக இருந்தது.

வெட்டியதும் மிஞ்சியதும்

எழுதிப் பார்த்தேன். முதல் தடவை மூன்று பக்கம் வந்தது. அந்த வருஷத்து வெயில், விதை நெல்லின் விலை, அப்பாவின் பொறுப்புகள், அவர் முன்பு ஊருக்குச் செய்த நன்மைகள். தண்ணீர் திறந்த விஷயம் மூன்றாம் பக்கத்தில் ஒரு மூலையில் வந்தது.

கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு நானே வாசித்தேன். எங்கெல்லாம் அப்பாவுக்காக வக்காலத்து வாங்கியிருந்தேனோ அங்கெல்லாம் மூச்சு வாங்கியது. கத்தரிக்கோலை எடுத்தேன். வெயில் போனது, விதை நெல் போனது, நன்மைகள் போயின. எல்லாம் பிஸ்கட் டப்பாவுக்குள். மிஞ்சியது கால் பக்கம். அதைத் தரையில் வைத்தபோது, மற்ற துண்டுகள் எல்லாம் எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்தது. வரிசை வந்துவிட்டது. இனி விசிறி போட்டாலும் எனக்குக் குழப்பம் இல்லை.

முடிவுரையைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. கரப்பான் பாதி வேலையை ஏற்கனவே முடித்திருந்தது.

டைப்புக்குக் கொடுக்கும் முன் ஊருக்குப் போனேன். அப்பா மோட்டார் ரூமில் இருந்தார். மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தார்.

“முடிஞ்சிட்டா? தெளிவான காப்பி கொண்டாந்தியா?”

“இன்னும் அடிக்கல. ஒரு இடம் மட்டும் வாசிச்சுக் காட்டணும்.”

“வாசி.”

வாசித்தேன். கால் பக்கம்தான். குரல் இறங்காமல் பார்த்துக்கொண்டேன். அப்பா தொட்டியில் கடைசியாகச் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம் பேரு போடலயே.”

“போடலப்பா. மடைவாய் வயல்காரர் ஒருவர்னு போட்டிருக்கேன்.”

“மடைவாயில நம்ம வயல் ஒண்ணுதான இருக்கு.”

நான் தாளை மடித்தேன்.

“எதுக்குத் தொறந்தேன்னு எழுதலயே?” என்றார் பிறகு.

“எதுக்குப்பா?”

நல்ல காரணம் ஒன்று சொல்ல மாட்டாரா, வெட்டியதை மறுபடி ஒட்டிக்கொள்ள மாட்டேனா என்று நான் காத்திருந்தேன்.

“பயிரு வாடுச்சு. அவனுக்குந்தான் வாடுச்சு” என்றார். “வேற என்னத்தச் சொல்ல?” எழுந்து மோட்டார் ரூமுக்குள் போனவர் வாசலில் நின்றார். “அடிச்சிக்கோ. எனக்குக் காப்பி வேண்டாம்.”

மோட்டார் ஓட ஆரம்பித்தது. அதற்கு மேல் எது சொன்னாலும் கேட்காது.

இன்னொருக்க

அந்தப் பக்கத்தை அடித்த மாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அடியில ஒண்ணுமே இல்ல. எம்புட்டு சுகமா இருக்கு பாரும்மா” என்றார். நானும் ஆமாம் என்றேன்.

கட்டுரையைக் கல்லூரிக் கருத்தரங்கில் வாசித்தேன். நான்கைந்து பேர் கேள்வி கேட்டார்கள், எல்லாம் அந்தக் கால் பக்கத்தைப் பற்றி. எம்.ஃபில். கிடைத்தது. அப்பா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்காரர்தான் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பொங்கலுக்குப் போனபோது, ஒரு பிரதியை ரேடியோ மேல் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த தடவை போனபோது அது அங்கே இல்லை. அடுப்புக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என்னிடம் பழையபடி பேசினார். கண்மாயைப் பற்றி மட்டும் பேசவில்லை.

பல வருஷங்களுக்குப் பிறகு, அப்பா காலமாகி ஒரு மழைக்காலம் கழிந்திருந்த நேரம், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் மாடசாமி சித்தப்பாவைப் பார்த்தேன். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். தேவதானம் பஸ் வர நேரமிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“ஒன் ரெண்டாவது கட்டுரைதான் தாயி நல்லா இருந்துச்சு” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “நீங்க எங்க படிச்சீக?”

“டீக்கடையிலதான். உங்கப்பா கொண்டாந்து வாசிச்சாரு. முன்ன மாதிரியே.”

மடியில் இருந்த பையைக் கீழே வைத்தேன்.

“அந்த எடம் வரைக்கும் வாசிச்சாரு. பொறவு கண்ணாடியக் கழட்டிட்டாரு. இதுக்கு மேல நீ வாசி மாடசாமின்னு எங்கிட்ட நீட்டுனாரு.”

“வாசிச்சீகளா?”

“வாசிச்சேன். மடைவாய் வயல்காரர் தொறந்தாருன்னு இருந்துச்சு, கடைமடை காஞ்சிச்சுன்னு இருந்துச்சு. சத்தமாத்தான் வாசிச்சேன். கடையில ஒரு பேச்சு இல்ல.”

“அப்பா?”

“கேட்டுக்கிட்டே இருந்தாரு. முடிஞ்சதும், இன்னொருக்க வாசின்னாரு.”

தேவதானம் பஸ் திரும்பி உள்ளே வந்தது. சித்தப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“ரெண்டாவது தடவ எனக்குத்தான் தாயி சத்தம் வரல.”